பொன்னாடை வேண்டாம், ஆறு பேர் போதும்

தாமான் ஸ்ரீ மெராவான், கூலாய்
4 நவம்பர் 2024

பெறுநர்: திரு. அய்யாவு அவர்கள், ஓய்வு பெற்ற வாரண்ட் ஆபிசர், ராணுவப் பொறியாளர் படை.

மதிப்புமிகு ஐயா,

படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னும் ஊருக்காக உழைத்துவரும் பெரியவர்களைப் பாராட்டி விழா எடுக்க நம் மக்கள் நல மன்றம் முடிவு செய்திருக்கிறது. டிசம்பர் 29, ஞாயிறு காலை பத்து மணிக்கு, மன்ற மண்டபத்தில். பதினேழு ஆண்டுகளாக வெள்ளக் காலங்களில் மன்றப் படகை ஓட்டி, ஆற்றோரம் கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களைக் கரை சேர்த்துவரும் தங்களுக்கும், சிறுநீரக நோயாளிகளை வாரம் மூன்று நாள் வேனில் ஏற்றிச் செல்லும் முன்னாள் ராணுவ ஓட்டுநர் திரு. மனோகரனுக்கும் மாலை அணிவித்து, பொன்னாடை போர்த்தி, கேடயம் வழங்கப்படும். தங்கள் வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம், பதக்கப் பட்டியல், புகைப்படம் ஒன்று ஆகியவற்றைப் பதினைந்தாம் தேதிக்குள் அனுப்பி உதவவும்.

இதுவரை எழுதியது மன்றச் செயலாளர். இனி எழுதுவது உங்கள் கொழுந்தியா.

அத்தான், பொதுக்கூட்டத்தில் மேசையைத் தட்டி எழுந்து, "இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்று அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். இரண்டு வாரமாகிறது. உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டு சாலைதான். காது கேட்காது என்று போனையும் எடுப்பதில்லை. சரி, எழுத்தில் கொடுத்துவிட்டேன். உங்கள் கேட்டில் இருக்கிற தபால் பெட்டியில் நானே வந்து போடுகிறேன். கேட்டைத் திறந்து "வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்து போய்விட மாட்டீர்கள்.

கஸ்தூரி


7 நவம்பர் 2024

கஸ்தூரி,

கடிதம் கிடைத்தது. விழா வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே பதினோரு பொன்னாடை இருக்கிறது. உன் அக்கா இருந்தவரை எல்லாவற்றையும் மடித்துப் பீரோவில் வைத்தாள். சந்திரமதி போன பிறகு ஒன்றை எடுத்து எஞ்சினைத் துடைத்துப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீரைக்கூட உறிஞ்சவில்லை அந்த ஜிகினாத் துணி. ஏழு கேடயங்களில் ஒன்றை மட்டும் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறேன். அது உருப்படியாக வேலை செய்கிறது.

மூன்று ஆண்டாகப் பொதுக்கூட்டத்தில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. படகோட்ட ஆறு பேர். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வந்தால் ஆறு மாதத்தில் ஆளாக்கிவிடுவேன். முதல் ஆண்டு, "பரிசீலிக்கிறோம்" என்றீர்கள். இரண்டாம் ஆண்டு கை தட்டினீர்கள். இந்த ஆண்டு தலைவர் வசந்தன் எழுந்து, "அய்யாவு அண்ணன் மாதிரி ஒருத்தர் இருக்கும்போது நமக்கு என்ன கவல?" என்றார். அதற்குத்தான் மேசையைத் தட்டினேன்.

எனக்கு அறுபத்தேழு வயது. பாறை வெடி வைத்து இடது காது போனது அந்தக் காலத்தில். இப்போது இடது முழங்காலும் போய்விட்டது. போன வெள்ளத்தில், கீழ் லயத்துக் கடைசி வீட்டுச் செல்வராணியம்மாவைத் தூக்கும்போது கால் மடங்கி, அந்த அம்மாவும் நானும் படகுக்குள்ளேயே விழுந்தோம். அவருக்கு எழுபத்து நான்கு வயது, இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள், அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த முறை தண்ணீருக்குள் விழுவோம்.

ஒருவனுக்கு மாலை போட்டுவிட்டால் அவன் செய்கிற வேலையை இனி நாம் செய்ய வேண்டியதில்லை என்று எல்லாருக்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைக் கொடுக்க நான் மேடை ஏற மாட்டேன். ஆறு பேரை அனுப்பு. பொன்னாடை வேண்டாம்.

அய்யாவு


10 நவம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

அன்பு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இன்று அது அவ்வளவாக இல்லை.

முப்பத்திரண்டு ஆண்டு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டவள் நான். உங்களுடையதையும் ஒரு கை பார்க்கிறேன். ஆள் வரவில்லை என்கிறீர்கள். 2019இல் நான்கு பேர் வந்தார்களே, மறந்துவிட்டதா? மூன்று சனிக்கிழமை முடிச்சுப் போட மட்டும் விட்டீர்கள். படகின் விளிம்பில்கூட ஒருவரைக் கை வைக்க விடவில்லை. அந்த நால்வரில் மனோகரனும் ஒருவர். அவரும் உங்களைப் போல இருபத்தோரு ஆண்டு படையில் இருந்தவர். அவரை அவர் பேத்திகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "கழுதை" என்றீர்கள். நான்காம் சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. "பாத்தியா, ஒரு பய வரல" என்று அக்காவிடம் சொன்னீர்களாம். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். எழுதினால் உங்களுக்கு வலிக்கும், விடுகிறேன்.

ஆள் வராதது எங்கள் குற்றம் என்றால், வந்தவர்களை நிற்க விடாதது யார் குற்றம்?

வசந்தன் கேனோபிப் பந்தல் வாடகைக்கு விடுகிற மனிதர், அவருக்கு எதையும் பெரிதாகச் செய்யத்தான் தெரியும். ஆனால் கெட்டவர் இல்லை. பேனர் அடித்தாகிவிட்டது. உங்கள் பழைய சீருடைப் படத்தை உங்கள் மகள் ரூபினியிடம் கேட்டு வாங்கியது நான்தான், அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு பேரம். நீங்கள் மேடைக்கு வாருங்கள். மூன்று நிமிடம் மைக்கை உங்கள் கையில் தருகிறேன். நானூறு பேர் வருவார்கள். உங்கள் ஆறு பேரை அவர்களிடமே கேளுங்கள். பொதுக்கூட்டத்துக்கு வருகிற இருபத்தைந்து பேரிடம் கத்துவதைவிட அது மேல்.

கஸ்தூரி


15 நவம்பர் 2024

கஸ்தூரி,

மூன்று நிமிடத்துக்காக ஒத்துக்கொள்கிறேன். வாழ்க்கைக் குறிப்பு இணைத்திருக்கிறேன், எட்டு வரி, அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கக் கூடாது. 2019 பற்றி நீ எழுதியது முழுவதும் சரியில்லை. முடிச்சுப் போடத் தெரியாதவன் படகில் ஏறினால் சுமை.

வருகிற வெள்ளிக்கிழமை எனக்கு ஜொகூர் பாருவில் முழங்கால் அறுவை. அதன் பிறகு கெலாங் பாத்தாவில் ரூபினி வீட்டில் இருப்பேன். அவள் விடியுமுன்னே எழுந்து பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவாள், வந்து சேர இருட்டிவிடும். அதனால் எது இருந்தாலும் எழுத்தில்தான். முகவரி பின்பக்கம்.

மழைக்காலத்தில் நான் ஊரில் இல்லாதது இதுதான் முதல் தடவை. யாரிடம் கொடுப்பது என்று நான்கு நாள் யோசித்தேன். உறைக்குள் படகுக் கொட்டகைச் சாவி இருக்கிறது. கூடவே ஒரு தாள். படகை இறக்குமுன் செய்ய வேண்டியவை, தண்ணீரில் செய்ய வேண்டியவை, பன்னிரண்டு வரி. எண்ணெய், கயிறு, உயிர்காப்புச் சட்டை எல்லாம் சரியாக இருக்கிறது. வெள்ளம் வந்தால் மட்டும் திற. மனோகரனைக் கூப்பிடு, அவனுக்கு எஞ்சின் தெரியும்.

நன்றாகக் கேள். படகைத் தொடக் கூடாது. விழாவுக்கு அழகுபடுத்துகிறேன் என்று யார் வந்தாலும் கொடுக்காதே. கொட்டகையின் பின் கேட்டை மறித்துக் கேனோபிக் கால் நடக் கூடாது. படகு ஆற்றுக்கு இறங்கும் வழி அது ஒன்றுதான்.

பதினேழு ஆண்டில் இந்தச் சாவி என் கையை விட்டுப் போனதில்லை. பத்திரம்.

அய்யாவு


3 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண்ணிடமே நீங்கள் சண்டை போட்டதாக ரூபினி சொன்னாள். அந்தப் பெண் பாவம்.

இங்கே விழா வேலை தலைக்கு மேல். சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. கேனோபிக் கால்களைப் பின் கேட்டுக்குப் பத்தடி தள்ளித்தான் நட வேண்டும் என்று நானே நின்று அளந்து காட்டியிருக்கிறேன். நீங்கள் சொன்னதை நான் கேட்பதில்லை என்று இனிச் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயம். வசந்தன் இதை உங்களிடம் சொல்லக் கூடாது, நேரில் பார்த்து அசர வேண்டும் என்றார். எனக்கு வயிற்றில் தங்கவில்லை. போன வாரம் வந்து, "டீச்சர், ஒரே ஒரு நாள் சாவி குடுங்க லா, கழுவிட்டுத் தந்திடுறேன்" என்று கேட்டார். நீங்கள் வேண்டாம் என்றது நினைவில் இருந்தது. ஆனால் அந்தப் படகு சேறும் பாசியுமாக, பார்க்கச் சகிக்கவில்லை அத்தான். கழுவத்தானே என்று கொடுத்தேன்.

இப்போது வந்து பாருங்கள்! நீலமும் மஞ்சளுமாக வண்ணம் பூசி, பித்தளையில் ஒரு பெயர்ப் பலகை செய்து பொருத்தியிருக்கிறார்கள். உங்கள் பெயர், பதவி, "ஊர் காத்த உத்தமர்" என்று மூன்று வரி. முதலில் விளிம்பை ஒட்டி வைக்கத்தான் பார்த்தார்கள். படகுக்கு ஆளுயரப் பிளாஸ்டிக் பூ மாலையை இப்போதே போட்டு வைக்கிறோம், மாலை பெயரை மறைத்துவிடும் என்று வசந்தன் யோசித்து, நன்றாகக் கீழே இறக்கி வைக்கச் சொன்னார். மேடைக்கு முன்னால் படகை நிறுத்தினால் முதல் வரிசைக்குக் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

கோபப்படாதீர்கள். உங்கள் பெயர் பளபளவென்று இருப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா இருந்திருந்தால் தொட்டுப் பார்த்திருப்பாள்.

கஸ்தூரி


கெலாங் பாத்தா
7 டிசம்பர் 2024

கஸ்தூரி,

பலகையை எதை வைத்துப் பொருத்தினார்கள்? பசையா, திருகாணியா?

உன் கடிதம் இன்று காலை வந்தது. ரூபினியை விட்டு மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. படகைப் பற்றி அப்பா கேட்கிறார் என்று அவள் செய்தி அனுப்பினால், நீ மாலை போட்ட படகின் படத்தை அனுப்பிக் கட்டை விரலைக் காட்டுகிறாய். படத்தில் மாலைதான் தெரிகிறது. அடியில் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. துளை போட்டீர்களா என்று அவள் கேட்டு அனுப்பியதை நீ இன்னும் திறந்தே பார்க்கவில்லை.

அது ஃபைபர் படகு. ஆள் ஏறினால் பாதி உயரம் தண்ணீருக்குள் போகும். நீ சொல்கிற "நன்றாகக் கீழே" என்பது தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே. அங்கே துளை போட்டிருந்தால் அது படகு இல்லை, சல்லடை. திருகாணியாக இருந்தால் பலகையைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் இன்னும் மோசம். பக்கத்தில் யாரும் போகக் கூடாது. நான் ஆள் அனுப்பி ஓட்டையை அடைக்கும்வரை படகு தண்ணீரில் இறங்கக் கூடாது.

கழுவத்தானே என்று கொடுத்தாயா? ஒரே ஒரு சாவி. ஒரே ஒரு வார்த்தை, தொடாதே. அதற்கு எத்தனை வரி எழுத வேண்டும் உனக்கு? என் பெயர் பளபளக்கிறதாம். யார் கேட்டார்கள்?

இங்கே மூன்று நாளாக மழை. அங்கே எப்படி? உடனே பதில் எழுது. எழுதாதே, ரூபினிக்குப் போன் செய். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். திங்களன்று கிடைத்துவிடும் என்று கவுண்டரில் சொன்னார்கள்.

அய்யாவு


கூலாய்
14 டிசம்பர் 2024

அத்தான்,

ரூபினி பிறகு அனுப்பியதை விழா வேலையில் நான் திறக்கவே இல்லை. உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. தண்ணீர் அதற்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது.

ரூபினிக்கு நான் அனுப்பிய செய்தியைப் பார்த்திருப்பீர்கள், எல்லாரும் நலம் என்று. அது உண்மை. ஆனால் அவ்வளவுதான் உண்மை என்று இல்லை. உங்களுக்கு எல்லாவற்றையும் எழுத்தில் தர வேண்டும். தருகிறேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கீழ் லயத்தில் முட்டளவு தண்ணீர் என்று தகவல் வந்தது. முன்பக்க வீட்டுக்காரர்கள் நடந்தே மேட்டுக்கு வந்துவிட்டார்கள். கடைசி வீட்டில் செல்வராணியம்மா மட்டும். நான் சாவியோடு ஓடினேன். மனோகரன் வந்தார், வசந்தன் வந்தார். மாலையைக் கழற்றக்கூட நேரமில்லை, அப்படியே இறக்கினோம். எனக்குத் தண்ணீர் என்றால் பயம், உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் தாள் என் கையில் இருந்தது. அவர்கள் இருவரும் அதைப் படித்ததில்லை. நான் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. வகுப்பில் வாசிப்பது மாதிரி வரி வரியாகச் சத்தம் போட்டு வாசித்தேன், மனோகரன் செய்தார்.

பாதி வழியில் கால் நனைந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். கணுக்கால் வரை வந்த பிறகுதான் ஒன்பதாம் வரியைப் பார்த்தேன். "தண்ணீர் புகுந்தால் காலால் துழாவி இடத்தைக் கண்டுபிடி. துணியை முறுக்கித் திணி. உடனே திரும்பு. எவ்வளவு அருகில் இருந்தாலும் முன்னே போகாதே."

திருகாணிதான் அத்தான். நான்கு. பலகையைச் சுற்றி நான்கு ஊற்று. விழாச் சாமான்களைப் படகுக்குள்தான் போட்டு வைத்திருந்தோம். உங்களுக்கும் மனோகரனுக்கும் வாங்கிய பொன்னாடைகள் அதில் இருந்தன. கிழித்து முறுக்கித் திணித்தேன். நீங்கள் எழுதியது உண்மை, அது உறிஞ்சவே இல்லை. அதனால்தான் நின்றது. முழுதாக நிற்கவில்லை, திரும்பும் அளவுக்கு நின்றது.

செல்வராணியம்மா அடுக்களை மேசை மேல் உட்கார்ந்திருந்தார், சன்னல் வழியே தெரிந்தார். ஒரு முப்பது அடி இருக்கும். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். வசந்தன், "டீச்சர், போய்டலாம் டீச்சர், கிட்டத்தான்" என்று அழுதார். நான் ஒன்பதாம் வரியை இன்னொரு முறை வாசித்தேன். அவர் கையை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே திரும்பினோம். நான் இதுவரை செய்ததில் இதைப்போல ஒன்று இல்லை. இனிமேலும் செய்ய என்னால் முடியாது.

மேட்டை எட்டும் முன்பே படகு அமிழ்ந்தது. இடுப்பளவு தண்ணீர்தான், நடந்து ஏறினோம். போம்பா தீயணைப்பு வண்டி எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது, அவர்கள் படகு எங்களிடம் வரப் பதினொன்றரை ஆகிவிட்டது. நான்கரை மணி நேரம் அந்த அம்மா மேசை மேல் இருந்தார். இப்போது மருத்துவமனையில், நெஞ்சில் சளி. நேற்றுப் பார்க்கப் போனேன். "அய்யாவு வரலையா? படகுல மாலையெல்லாம் போட்டிருந்திச்சே, யாருக்குக் கல்யாணம்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "ஏன்மா திரும்பிப் போனீங்க?" என்று கேட்டார். போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

திட்டுங்கள். எழுத்திலேயே திட்டுங்கள்.

கஸ்தூரி


கெலாங் பாத்தா
18 டிசம்பர் 2024

கஸ்தூரி,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டும் வசந்தனுக்கு. ஊர் காத்த உத்தமர் என்று எழுதி, அதை மாட்டுவதற்காக ஊர் காக்கிற படகிலேயே ஓட்டை போட்ட ஆளை என்ன சொல்வது? மாலை பெயரை மறைக்குமாம். இருபத்தோரு ஆண்டு பட்டாளத்தில் எத்தனையோ முட்டாள்தனம் பார்த்திருக்கிறேன். மாலைக்கு வழிவிட்டு அடியில் துளை போட்டதை மட்டும் பார்த்ததில்லை. எரிச்சலில் இந்த வீட்டில் நடந்துகொண்டே இருக்கிறேன். முழங்காலுக்கு நல்லது என்கிறாள் அந்தப் பெண்.

மூன்றாவதை உனக்கு எழுதினேன். அதையும் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ திரும்பியது சரி. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். முன்னே போயிருந்தால் அந்த அம்மாவை ஏற்றிய பிறகு அமிழ்ந்திருக்கும். அந்த வீட்டு வாசலில் பள்ளம், ஆளுயரத் தண்ணீர். நாலு பேரையும் தேட வேண்டியிருந்திருக்கும். திரும்புகிறவனுக்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அதைச் செய்ய முடியாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஒரு தாளைப் படித்துவிட்டுச் செய்தாய். செல்வராணியம்மா கேட்டதற்கு நான் வந்து பதில் சொல்கிறேன்.

உன் நவம்பர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். உன் அக்கா என்ன சொன்னாள் என்று நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன், என்னிடமும் சொன்னாள். "அவங்க கத்துக்கிட்டா உங்களுக்கு வேல இல்லாம போயிடும்னு பயம்" என்றாள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அவள் சொன்னது சரி. ஆறு பேர் வேண்டும் என்று ஊர் முழுக்கக் கத்தினேன். சாவியை மட்டும் ஒருவனிடமும் கொடுக்கவில்லை. பெயர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அந்தச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். வசந்தன் நான்கு துளைதான் போட்டார். மற்றதெல்லாம் நான் போட்டது.

இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. யாரிடமும் காட்டாதே.

விழாவை நிறுத்திவிடு.

அய்யாவு


கூலாய்
21 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தத் தடவை அன்பு இருக்கிறது.

விழாவை நிறுத்தலாம் என்றுதான் நானும் கூட்டத்தில் சொன்னேன். வசந்தன் தலைவர் பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் சரி என்று எழுந்தபோது மனோகரன் கை தூக்கினார். அவர் கூட்டத்தில் பேசியதே இல்லை. "நிறுத்திடாதீங்க லா. அய்யாவுக்கு வேணாம்னா வேணாம். எனக்கு ஆசையா இருக்கு. பட்டாளத்த விட்டு வந்து இருபத்தஞ்சு வருசமாச்சி, என்னா செஞ்சேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. என் பேத்திங்க பாக்கணும்" என்றார்.

எழுந்தவர்கள் எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். பேத்திகளுக்கு முன்னால்தான் அவரை நீங்கள் அப்படிச் சொன்னீர்கள். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

நானும் கொஞ்சம் யோசித்தேன். உங்களுக்குப் பதினோரு பொன்னாடை வந்தது, அலுத்துவிட்டது. அவருக்கு ஒன்றுகூட வரவில்லை. வாரம் மூன்று நாள், இத்தனை ஆண்டு, அந்த வேனில் எத்தனை பேர் வாந்தி எடுத்ததைக் கழுவியிருப்பார். அவரைக் கூப்பிட்டு ஊர் முன்னால் நன்றி சொல்வது தப்பில்லை. சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதுதான் தப்பு.

ஆகவே விழா உண்டு, அவருக்கு மட்டும். ஆனால் போர்த்துவதற்குப் பொன்னாடை இல்லை. இரண்டும் படகோடு அமிழ்ந்தன, தண்ணீர் வடிந்ததும் படகை மட்டும் கொட்டகைக்கு இழுத்து வந்தோம், எஞ்சினை மனோகரன் பார்க்கிறார். கேனோபி இல்லை, ஆளுயர மாலை இல்லை. செல்வராணியம்மா நேற்று வீடு திரும்பிவிட்டார்.

மண்டபக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன், படகுப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க. நீங்கள் கேட்டது ஆறு. இன்று மாலைவரை ஒன்பது. முதல் பெயர் வசந்தன். இரண்டாவது நான். வயது அறுபத்தொன்று, நீச்சல் தெரியாது. சேர்த்துக்கொள்வீர்களா இல்லையா?

கஸ்தூரி


கெலாங் பாத்தா
24 டிசம்பர் 2024

கஸ்தூரி,

29ஆம் தேதி ரூபினி என்னை அழைத்து வருகிறாள். எனக்கு மேடையில் நாற்காலி வேண்டாம், கீழே போடு. மூன்று நிமிட மைக் எனக்கு வேண்டும். அதில் முதல் ஒரு நிமிடம் மனோகரனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன், பேத்திகள் முன்னால். அவனிடம் முன்கூட்டிச் சொல்லாதே.

பொன்னாடைக்கு நீ அலைய வேண்டாம். என் வீட்டுப் பீரோவில் பத்து இருக்கிறது, உன் அக்கா மடித்து வைத்த மடிப்பு கலையாமல். மேலே இருக்கிற பச்சைக் கரையை எடுத்து வை. நானே போர்த்துகிறேன்.

வசந்தனிடம் அவர் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிடு. தலைவராகவே இருக்கட்டும். ஆனால் அந்த நான்கு ஓட்டையையும் அவர் கையாலேயே அடைக்க வேண்டும். ஃபைபர் துணி, பசை என்ன வாங்க வேண்டும் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பலகையைக் கழற்றி மண்டபத்தில் எங்கேயாவது ஆணியில் மாட்டட்டும். சுவருக்கு எத்தனை ஓட்டை போட்டாலும் பரவாயில்லை.

ஒன்பது பேரையும் சேர்த்துக்கொள்கிறேன். நீச்சல் தெரியாதவர் உயிர்காப்புச் சட்டை போட்டால் போதும். சாவி உன்னிடமே இருக்கட்டும். இன்னும் இரண்டு வெட்டி, ஒன்றை மனோகரனிடம் கொடு, ஒன்றை மண்டபத்தில் வை. எனக்கு வேண்டாம்.

திட்டாமல் சொல்லித்தரப் பார்க்கிறேன். எனக்கு அது வராது, உனக்குத் தெரியும். நான் திட்டினால் எழுத்தில் தா.

அய்யாவு


தாமான் ஸ்ரீ மெராவான், கூலாய்
11 ஜனவரி 2025, சனிக்கிழமை

பெறுநர்: திரு. அய்யாவு அவர்கள், படகுப் பயிற்றுநர்.

மதிப்புமிகு ஐயா,

பொருள்: புகார், எண் ஒன்று.

இன்று காலை எட்டரை முதல் பத்தரை வரை நடந்த முதல் பயிற்சியில், தாங்கள் ஆற்றங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபடி மன்றத் தலைவரை இரண்டு முறையும், மன்றச் செயலாளராகிய என்னை நான்கு முறையும் "கழுதை" என்று அழைத்தீர்கள். நான்காவது முறை நான் சரியாகத்தான் முடிச்சுப் போட்டிருந்தேன். அதைக் கரையில் இருந்த செல்வராணியம்மாவும் பார்த்தார். சாட்சி சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். திரு. மனோகரனை மட்டும் தாங்கள் "வாங்க, போங்க" என்று பேசியதை மற்ற எட்டுப் பேரும் கவனித்தோம்.

தாங்கள் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது. உங்கள் கேட் திறந்தே இருந்ததால் இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடவில்லை. உள்ளே வந்து மேசை மேல் வைத்தேன். தூங்கிக்கொண்டிருந்தீர்கள், எழுப்பவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் ஒன்பது பேரும் வருகிறோம்.

இப்படிக்கு,
கஸ்தூரி, செயலாளர்

பின்குறிப்பு: கீழ் லயத்துக் கடைசி வீடு வரை போய்வந்தோம். படகுக்குள் காலால் துழாவிப் பார்த்தேன் அத்தான். ஒரு சொட்டு இல்லை.